நிழற்படமும் ஈகையும்

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் துணைவியருள் ஒருவரான அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் கைத்தொழில் வல்லவர்கள். தோலைப் பதனிடுவார்கள், தைப்பார்கள், அதனால் வந்த வருவாயை ஏழை எளியோர்க்கு வழங்கிவிடுவார்கள். தம் துணைவியருள் நீண்ட கையுடையவரே தமக்குப் பின் முதலில் தம்மை வந்தடைவார் எனப் பெருமானார் (ஸல்) ஒருமுறை அறிவித்திருந்தார்கள். அதைக் கேட்ட அன்னையர் தம் கைகளை ஒன்றோடொன்று வைத்து அளந்து பார்த்தனராம். நீண்ட கை என்பது உழைத்து ஈயும் கையையே குறித்தது என்னும் உண்மை, அன்னை ஸைனப் (ரலி) அவர்கள் மறைந்த பின்னரே மற்றவர்க்கு விளங்கிற்று.

ஸதகா கொடுக்குமாறு கட்டளை பிறந்தபோது, கொடுக்க ஏதுமற்ற தோழர்கள் என்ன செய்தார்கள் என்பதும் புகாரி ஷரீஃபில் பதிவாகியுள்ளது. அவர்கள் கடைவீதிக்குச் சென்று சுமை தூக்கினார்கள். கூலியாகக் கிடைத்ததோ இரு கை கொள்ளும் தானியம். அதையே ஸதகாவாக அளித்தார்கள். இருப்பதில் கொடுப்பது ஒரு வகை. கொடுப்பதற்கென்றே உழைத்து ஈட்டுவது வேறொரு வகை. இந்த இரண்டாம் வகையை நம் சமுதாயம் ஏறக்குறைய மறந்துவிட்டது என்பது என் கருத்து. நிதி வேண்டுமெனில் ரசீதுப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, வளைகுடா நாடுகளில் பிள்ளைகள் பணிபுரியும் வீடுகளின் கதவைத் தட்டுகிறோம். நம் கையால் ஒரு பொருளை ஆக்கி, விற்று, அதைத் தருவோம் என எண்ணுவோர் நம்முள் எத்தனை பேர்?

இதை நான் எண்ணிப் பார்க்க நேர்ந்தது என் தங்கை மகனால். அவன் விடுமுறை கிடைத்தால் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுவான். மேகமலையின் பனி, கோடியக்கரையின் பூநாரைகள், வேதாரண்யத்தின் உப்பளங்கள் என ஏராளமான படங்கள் அவனிடம் இருந்தன. அவற்றுள் பன்னிரண்டைத் தேர்ந்து ஒரு நாட்காட்டி அச்சிட்டு விற்று, சிறுநீரகம் பழுதாகி இரத்தச் சுத்திகரிப்புக்கு அலையும் ஏழை நோயாளிகளுக்குக் கொடுக்கப்போவதாகச் சொன்னான். மகிழ்ந்தேன். உடனே ஓர் ஐயமும் எழுந்தது. படம் விற்ற காசில் அறமா? என் தலைமுறையில் பலருக்கு முதலில் தோன்றும் கேள்வி இதுவேயாகும்.

இக்கேள்விக்கு விடை தேடி நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. ஸஹீஹுல் புகாரியின் வணிகம் பற்றிய பகுதியில், உயிரற்றவற்றின் படங்களை விற்பது குறித்துத் தனிப் பாடமே உள்ளது. ஒரு மனிதர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வருகிறார். தம் கைத்தொழிலே தமக்குப் பிழைப்பு என்றும், படங்கள் வரைவதே அத்தொழில் என்றும் கூறுகிறார். உருவம் வரைவோர்க்குரிய கடும் எச்சரிக்கையை இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் எடுத்துரைக்க, வந்தவர் மூச்சுத் திணறி முகம் வெளிறிப்போகிறார். அப்போது அந்த நபித்தோழர் அவரைக் கைவிட்டுவிடவில்லை. படம் வரைந்துதான் ஆகவேண்டுமெனில் மரத்தை வரைக, உயிரற்ற பொருள்களை வரைக என வழிகாட்டி அனுப்புகிறார்கள். ஓர் ஏழைத் தொழிலாளியின் பிழைப்பு அடைபட்டுவிடாமல் காத்த அந்தக் கருணையை நீங்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மரமும் மலையும் கடலும் அன்றே விற்பனைக்குரிய படங்களாக ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டன.

உயிருள்ளவற்றைக் கேமராவில் எடுப்பது பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எகிப்தின் முஃப்தியாக விளங்கிய ஷைகு முஹம்மது பகீத் அல்முதீஈ அவர்கள், கேமராப் படம் நிழலைப் பிடித்து நிறுத்துவதேயன்றிப் படைப்புக்கு ஒப்பாகப் படைப்பதன்று எனக் கூறி அதை அனுமதித்தார்கள். ஏற்காதவர்களும் இருக்கிறார்கள். அந்த வழக்கைத் தீர்ப்பது என் வேலையன்று. ஆயினும் மருமகனிடம் இவ்வளவு சொன்னேன்: தொழுகை நடக்கும் வீடுகளில் தொங்கப்போகும் நாட்காட்டி இது; பூநாரை எவ்வளவு அழகாயினும், எல்லா வீட்டாரும் மனஉறுத்தலின்றி மாட்டக்கூடிய படமே ஈகைக்கு ஏற்றது. அவனுக்கு வருத்தந்தான். பூநாரைகளைத் தனக்கே வைத்துக்கொண்டான்.

கேமரா நமக்குப் புதியதன்று என்பதையும் இங்கே குறிப்பிடலாம். மதீனமாநகரை 1861ஆம் ஆண்டிலேயே படமெடுத்தவர் எகிப்தியப் படையின் பொறியாளரான முஹம்மது ஸாதிக் என்பவர். 1880ஆம் ஆண்டில் ஹஜ்ஜுப் பயணக் குழுவுடன் சென்று மக்காவையும் எடுத்தார். புகைப்படமே கூடாது என வாதிடும் பெரியவர் வீட்டுச் சுவரிலும் கஅபாவின் படம் தொங்குவதை நான் கண்டிருக்கிறேன்.

இயற்கைப் படங்களை விற்று அறப்பணிக்கு நிதி திரட்டுவது உலகில் இன்று பரவலாக நடந்துவருகிறது. 2020ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்றால் பயணிகள் வருகை நின்று, ஆப்பிரிக்கக் காடுகளின் காவலுக்கு வருவாய் வற்றியபோது, படக் கலைஞர்கள் பலர் ஒன்றுகூடித் தம் படங்களைப் பிரதி ஒன்று நூறு டாலர் வீதம் விற்றார்கள். 'பிரிண்ட்ஸ் ஃபார் வைல்ட்லைஃப்' எனப் பெயரிட்ட அம்முயற்சியில் ஆறரை லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. அது 'ஆப்பிரிக்கன் பார்க்ஸ்' என்னும் அமைப்புக்குச் சென்றது.

இவற்றுள் என் மனத்தில் தங்கியது பிரேசில் நாட்டவரான செபஸ்தியாவோ சல்காடோவின் வரலாறு. பொருளியல் கற்று, அதைத் துறந்து கேமராவைக் கையிலெடுத்தவர். பஞ்சத்தையும் போரையும் அகதிகளையும் படமெடுத்துப் புகழ்பெற்றார். 1994ஆம் ஆண்டில் ருவாண்டாவில் நிகழ்ந்த படுகொலைகளைக் கண்டு உடலும் உள்ளமும் நைந்து ஊர் திரும்பினார். தந்தையாரின் பண்ணையோ மரங்களை இழந்து வெறும் புழுதியாகக் கிடந்தது. அங்கே மீண்டும் காட்டை எழுப்புவோம் என்றவர் அவருடைய மனைவியார் லேலியா. 1998ஆம் ஆண்டில் இருவரும் 'இன்ஸ்டிட்யூட்டோ டெர்ரா' என்னும் நிறுவனத்தை அமைத்தார்கள். இருபது லட்சத்துக்கும் மேலான மரக்கன்றுகள் நடப்பட்டன. வற்றிய ஊற்றுகளில் நீர் திரும்பிற்று. 2022ஆம் ஆண்டில் நியூயார்க்கின் சோத்பி நிறுவனம் அவருடைய ஐம்பது படங்களை விற்பனைக்கு வைத்தபோது, அவ்வருவாய் இந்தக் காட்டுப் பணிக்கென ஒதுக்கப்பட்டது. 2025ஆம் ஆண்டு மே மாதம் அவர் மறைந்தார்.

இதே சல்காடோவின் மீது ஒரு குறையும் நெடுங்காலம் சொல்லப்பட்டுவந்தது. வறியோரின் துயரத்தை அவர் அழகாக்கிக் காட்சிப்பொருள் ஆக்கிவிட்டார் என்பது அது. முற்றிலும் நியாயமான குறையா என்று என்னால் கூற இயலவில்லை. உலகம் திரும்பிப் பார்த்ததும் அப்படங்களால்தானே? ஆனால் ஈகைக்கெனப் படம் விற்க முன்வரும் ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அதில் இருக்கிறது. எங்கள் வீட்டிலேயே அது எழுந்தது.

மருமகன் தேர்ந்த பன்னிரண்டில் ஒன்று, வேதாரண்யத்து உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு மூதாட்டியின் முகம். வெயிலில் கருகிய தோல். உப்பு படிந்த கை. கண்ணை இடுக்கிய பார்வை. சிறந்த படம் என்பதில் ஐயமில்லை. இந்த ஒரு படத்துக்காகவே நாட்காட்டி விற்றுப்போகும் என்றான். அவரைக் கேட்டாயா என்றேன். தொலைவிலிருந்து எடுத்ததாகச் சொன்னான். அப்படியாயின் அந்த அம்மையார் எதற்காக நம் வீட்டுச் சுவர்களில் ஓராண்டுக் காலம் தொங்கவேண்டும்? நோயாளிக்கு உதவ இன்னொரு ஏழையின் முகத்தை அவர் அறியாமல் விற்பது எந்த வகை ஈகை? கொடுத்ததைச் சொல்லிக்காட்டியும் மனத்தைப் புண்படுத்தியும் தர்மத்தைப் பாழாக்கிவிடாதீர்கள் எனத் திருமறை எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கை கேமராவுக்கும் பொருந்தும் என்றே நான் கருதுகிறேன். மலை எவரிடமும் கூச்சப்படுவதில்லை. கடலுக்கு மானம் போவதில்லை. ஏழைக்கு அவை உண்டு. நோன்புக் காலத்தில் அரிசி மூட்டையை வாங்கும் கைம்பெண்ணை நிறுத்திவைத்துப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் பரப்புகிறார்களே, அதைக் கண்டு கூசாத நெஞ்சம் உண்டா?

அவன் அந்தப் படத்தை எடுத்துவிட்டான். ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த வழக்கு கணக்கைப் பற்றியது. அட்டையில் "முழுத் தொகையும் ஏழை நோயாளிகளுக்கே" என அச்சிட எழுதிக் கொடுத்திருந்தான். ஒரு நாட்காட்டியின் விலை 150 ரூபாய். அச்சுக்கு ஒன்றுக்கு 90 ரூபாய் ஆகிறது. அந்த 90 ரூபாய் அச்சகத்துக்குத்தானே போகிறது? நல்ல எண்ணத்தோடு சொன்னாலும் அது உண்மையன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கைவிட்டு, மேலே உலர்ந்திருக்க உள்ளே ஈரம் இருக்கக் கண்டு, அந்த ஈரத்தை மக்கள் காணுமாறு மேலே வைத்திருக்கக்கூடாதா எனக் கடிந்த செய்தியை நீங்கள் அறிவீர்கள். ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்ற கடுஞ்சொல் பிறந்த இடம் அது. அறத்தின் பெயரால் விற்கப்படும் பொருளுக்கு இந்த அளவுகோல் தளர்ந்துவிடாது. இன்னும் இறுகவே செய்யும். ஏனெனில் வாங்குபவர் பேரம் பேசுவதில்லை, நம்பிக் கொடுக்கிறார்.

படத்துக்குள்ளும் ஈரம் மறைந்திருக்கக்கூடும். வெளிறிய வானத்தை நீக்கிவிட்டு வேறோர் ஊரின் செவ்வானத்தைக் கணினியில் ஒட்டிவிடலாம். போகாத மலையின் படத்தை இயந்திரமே புனைந்து தருகின்ற காலம் இது. புனைந்தது என்று சொல்லி விற்றால் அது அவரவர் விருப்பம். மேகமலை என்று சொல்லி விற்றால்? ஒட்டகத்தையும் வானத்தையும் மலைகளையும் பூமியையும் நோக்குமாறு திருமறை அழைப்பது, இறைவன் படைத்தவற்றை நோக்குமாறு அன்றோ!

இனி, வாங்குவோராகிய உங்களுக்கு ஒன்று. ஜகாத் கடமையானவர் சிலர், இத்தகைய விற்பனையில் கொடுத்த பணத்தையும் ஜகாத் கணக்கில் எழுதிக்கொள்வதை நான் கண்டிருக்கிறேன். இது பெரும் பிழை. ஜகாத் என்பது உரியவருக்கு, கைம்மாறு ஏதும் பெறாமல் உடைமையாக்கிக் கொடுப்பது. நீங்களோ 150 ரூபாய் கொடுத்து ஒரு நாட்காட்டியைப் பெற்றுச் சுவரில் மாட்டிவிட்டீர்கள். அது வியாபாரம். நல்ல நிய்யத்துக்குரிய நற்கூலியை அல்லாஹ் அருள்வான். ஆயினும் கடமை நிறைவேறவில்லை. அந்த ஜகாத் இன்னும் உங்கள் பொறுப்பிலேயே இருக்கிறது. ஓர் ஏழையின் உரிமை உங்கள் பெட்டியிலேயே தங்கியிருக்கிறது. பொருளின் மதிப்புக்கு மேலாக மனமுவந்து கொடுத்ததை ஸதகாவாகக் கருதலாமா என்பதை உங்கள் மஹல்லாவின் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். விற்பவரும் இதை மறைக்காமல் சொல்லிவிடுதல் நேர்மை. சொன்னால் விற்பனை குறையுமே என்கிறார்கள். குறையட்டும்.

விற்கும் இடமும் கவனத்துக்குரியது. பள்ளிவாசலுக்குள் கொடுக்கல் வாங்கல் கூடாது என்பது தெரிந்ததே. ஜும்ஆ முடிந்து வெளிவருவோரை வாசலில் மறித்து, நாலுபேர் பார்க்க நாட்காட்டியை நீட்டுவதும் எனக்கு உடன்பாடன்று. வெட்கத்தால் வாங்குபவர் வீட்டில் அந்த மாத மளிகை குறையக்கூடும். மருமகன் தெருமுனையில் ஒரு மேசை போட்டு அமர்ந்தான். விரும்பியவர் நின்றார்கள், மற்றவர் கடந்து போனார்கள்.

அச்சிட்டது 300. விற்றது 240. வந்த தொகை 36,000 ரூபாய். அச்சகத்துக்குக் கொடுத்தது 27,000 ரூபாய். எஞ்சியது 9,000 ரூபாய். முகம் வாடி வந்து நின்றான். எத்தனை மலை ஏறினேன் மாமா, இவ்வளவுதானா என்றான். சுமை தூக்கிய தோழர்களின் இரு கைத் தானியத்தைப் பற்றி அப்போதுதான் அவனுக்குச் சொன்னேன். விற்காத அறுபதையும் மதரஸாப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டான். பணம் இரு நோயாளிகளின் வீட்டுக்கு இரவில் சென்றது. அவர்களின் பெயரை எனக்கும் அவன் சொல்லவில்லை.

அடுத்த நாட்காட்டிக்கு இப்போது படங்கள் தேர்ந்துகொண்டிருக்கிறான். வேதாரண்யத்து உப்பளம் இம்முறையும் இருக்கிறது. அதிகாலை வெளிச்சத்தில் வெண்குவியல்கள் வரிசையாக நிற்கின்றன, ஆள் எவருமில்லை. பின் அட்டையில் விலையும், அதன் கீழே அச்சுக்கூலியும், அதன் கீழே நோயாளிகளுக்குச் சேரும் தொகையும் அச்சாகின்றன.