போர்டிங் நேரத்தை நீங்களே தேர்ந்தெடுக்கலாமாம்!

கப்பல் பயணத்தைப் பற்றி எப்போது எழுதப்போகிறீர்கள் சார் என்று பலர் கேட்டுவிட்டீர்கள். கடலும் சூரிய உதயமும் இருக்கட்டும், படங்களை அடுத்த வாரம் போடுகிறேன். இன்றைக்கு எழுதப்போவது கப்பலில் கால் வைப்பதற்கு முன்னால் நடக்கும் ஒரு காரியத்தைப் பற்றி. "ஆன்லைன் செக்-இன் செய்து, உங்களுக்கு வசதியான போர்டிங் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள்" என்று கம்பெனிக்காரர்கள் இமெயில் அனுப்புகிறார்கள் அல்லவா, அதைப் பற்றி. அந்த வாக்கியத்தில் "வசதியான" என்பதும் பொய், "தேர்ந்தெடுங்கள்" என்பதும் பொய். முப்பத்து நான்கு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவன், கணக்குப் போட்டே சொல்கிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்காக முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கத் துறைமுகங்களில் இந்தச் சொகுசுக் கப்பல்கள் விடியற்காலையில் வந்து நிற்கும். பழைய பயணிகள் காலை ஒன்பது, பத்து மணிக்குள் இறங்கிவிட வேண்டும். அறைகளைச் சுத்தம் செய்து, அரிசி பருப்பு முதல் ஐஸ்கிரீம் வரை ஏற்றி, பதினொரு மணி வாக்கில் புதிய பயணிகளை ஏற்ற ஆரம்பிப்பார்கள். சாயங்காலம் நான்கு மணிக்குக் கப்பல் கிளம்பும். நடுத்தரமான ஒரு பெரிய கப்பல் என்றால் ஐயாயிரம் பேர். 2024 ஜனவரியில் ஓட ஆரம்பித்த ஐகான் ஆஃப் தி சீஸ் முழுக்க நிரம்பினால் சுமார் 7,600 பயணிகள், ஊழியர்கள் தனி. நம்ம ஊர்ச் சின்னப் பேரூராட்சி ஒன்று காலையில் காலியாகி மதியத்துக்குள் மறுபடி நிரம்புகிற மாதிரி.

ஆகவே எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து வாசலில் நின்றால் நடக்காது. அரை மணிக்கு ஒரு பிரிவு என்று நேரம் பிரித்துக் கொடுப்பது நியாயம்தான். பயணிகள் பட்டியலைக் கப்பல் கிளம்புவதற்கு 60 நிமிடம் முன்பாவது அமெரிக்கச் சுங்க, எல்லைக் காவல் துறைக்கு அனுப்பிவிட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. பாஸ்போர்ட் விவரத்தை முன்கூட்டியே கேட்பதும், கடைசி நேரத்தில் கதவை அடைப்பதும் அதனால்தான். இதிலெல்லாம் எனக்கு வழக்கே இல்லை.

என் வழக்கு, அந்த நேரத்தை யாருக்கு எப்படிக் கொடுக்கிறார்கள் என்பதில்.

பயணத்துக்கு இத்தனை நாள் முன்பு என்று ஒரு தேதி வைத்து, அன்று நள்ளிரவில் செக்-இன் பக்கத்தைத் திறந்துவிடுகிறார்கள். யார் முதலில் எல்லாக் கட்டங்களையும் நிரப்பி முடிக்கிறார்களோ அவர்களுக்கு 11 மணி, 11:30 மணி. மற்றவர்களுக்கு மிச்சம் மீதி. நம்ம தட்கல் டிக்கெட் மாதிரியேதான். போதாக்குறைக்கு, பழைய வாடிக்கையாளர்களுக்குப் பல கம்பெனிகளில் பக்கம் முன்னதாகவே திறக்கும். டிஸ்னி கப்பல்களில் முதல் முறை போகிறவர்களுக்கு 30 நாள் முன்பு. ஏற்கெனவே போனவர்களுக்கு எத்தனை முறை போனார்கள் என்பதைப் பொறுத்து அதற்கும் சில நாள் முன்பு. இதை அவர்களே வெளிப்படையாகப் போட்டிருக்கிறார்கள், அந்த மட்டில் நேர்மை. பெரிய ஸூட் அறை எடுத்தவர்களுக்குப் பெரும்பாலும் தனி வழி. காசு அதிகம் கொடுத்தவன் முன்னால் போகட்டும், போய்விட்டுப் போகிறான். ஒரே காசு கொடுத்த இரண்டு பேருக்குள் ஏன் வித்தியாசம் என்பதுதான் என் கேள்வி.

நேரத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: கட்டணம் முதல் நாள் மதியத்திலிருந்தே கணக்கு. 11 மணிக்கு ஏறியவர் மதியச் சாப்பாடு சாப்பிட்டு, கப்பலைச் சுற்றிப் பார்த்து, அறை திறந்ததும் படுத்து ஒரு தூக்கமும் போட்டிருப்பார். 3 மணிக்கு ஏறியவர் பெட்டியைத் தேடிக்கொண்டிருப்பார். இருவர் கட்டிய தொகையும் ஒன்றே.

இனி எங்கள் கதை. கம்பெனி பெயர் வேண்டாம். கால்வெஸ்டனிலிருந்து கிளம்பும் கப்பல்கள் பல, அவற்றில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மகள் ஹூஸ்டனில் இருக்கிறாள். அங்கே இரவு 11 மணிக்குப் பக்கம் திறந்தது. மகள், மாப்பிள்ளை, இரண்டு பேத்திகள் நால்வருக்குமான செக்-இன்னை ஆறு நிமிடத்தில் முடித்துவிட்டாள். 11:30 மணி கிடைத்தது. அடுத்து எங்கள் அறை. என்னுடையதில் ஒன்றும் தகராறு இல்லை. என் துணைவியார் பெயரில் வந்தது வினை.

அவர் பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான். குடும்பப் பெயர் என்ற கட்டம் காலி. நம்மில் லட்சக்கணக்கானவர்களுக்கு அப்படித்தான். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரின் முதல் எழுத்து முன்னால் நிற்கும், அவ்வளவுதான். சாதியைப் பெயருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு திரிய வேண்டாம் என்று நம் ஊரில் ஒரு தலைமுறையே முடிவு செய்தது. அது நமக்குப் பெருமை. ஆனால் அமெரிக்க விசாவில் அப்படி ஒற்றைப் பெயர் உள்ளவர்களுக்கு, இருக்கிற பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டுவிட்டு, சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யு. என்று அச்சடித்துவிடுவார்கள். "முதற்பெயர் தெரியவில்லை" என்று அர்த்தம். அறுபத்தெட்டு வயது மனுஷிக்குப் பெயர் தெரியவில்லையாம்!

டிக்கெட் எஃப்.என்.யு. என்ற பெயரில் இருக்கிறது. பாஸ்போர்ட்டைப் படம் எடுத்தால் குடும்பப் பெயர் காலி என்று வருகிறது. இரண்டும் பொருந்தவில்லை என்று சிவப்பு எழுத்து. கையால் நிரப்பினால் "இந்தக் கட்டம் கட்டாயம்" என்று இன்னொரு சிவப்பு எழுத்து. நடுவில் நேரம் முடிந்துவிட்டது, மறுபடி உள்ளே வாருங்கள் என்கிறது. முகப் படம் எடுத்தால் கண்ணாடியில் வெளிச்சம் அடிக்கிறது என்று நிராகரிக்கிறது. மகள் மென்பொருள் வேலையில் இருப்பவள், விடாக்கண்டி. நாற்பது நிமிடத்தில் எப்படியோ முடித்தாள். முடித்துவிட்டு நேரம் பார்த்தால், மிச்சம் இருந்தது பிற்பகல் 2:30, 3:00. இதில் "வசதியானதைத் தேர்ந்தெடுங்கள்" என்று பச்சைப் பொத்தான் வேறு.

பயணத்தன்று எல்லோரும் ஒரே காரில் 11:30க்கே போனோம். வேறு என்ன செய்ய? துறைமுகம் ஹூஸ்டனிலிருந்து எண்பது கிலோமீட்டர். வாசலில் நின்ற பெண் மிகவும் மரியாதையாகத்தான் பேசினார். அந்த அறைக்காரர்கள் நால்வரும் உள்ளே போகலாம், நீங்கள் இருவரும் 3 மணிக்கு வாருங்கள் என்றார். இதைவிட வேடிக்கை என்னவென்றால், சில நாள் இதை யாரும் பார்ப்பதே இல்லையாம், எல்லோரையும் விட்டுவிடுவார்களாம். வரிசையில் இருந்த ஓர் அமெரிக்கர் சொன்னார். அன்று பார்த்தார்கள். ஜூலை மாத டெக்சாஸ் வெயில், நம்ம வேலூர் வெயிலுக்குத் தம்பி. என் துணைவியாருக்கு இரண்டு முழங்காலும் தகராறு, சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் வேறு. மகள் எங்களோடு வெளியே இருந்துவிட்டாள், மாப்பிள்ளை பிள்ளைகளோடு உள்ளே போனார். மூன்றரை மணி நேரம். ஒரு சிமென்ட் திண்ணை, கொஞ்சம் நிழல், வீட்டிலிருந்து எடுத்துப்போன இட்லி. இட்லி இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நான் இங்கே எழுதப்போவதில்லை.

சரி. இப்போது நீங்கள் கமென்ட்டில் எழுதப்போவது எனக்குத் தெரியும்.

"சொகுசுக் கப்பலில் போகிறவருக்கு வந்த கஷ்டத்தைப் பார்" என்பீர்கள். கேலி நியாயம்தான், சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் இதே முறைதான் உங்கள் வீட்டு வாசலுக்கும் வந்துகொண்டிருக்கிறது. திருமலை 300 ரூபாய் தரிசனச் சீட்டு ஆன்லைனில் விட்டதும் எப்படிப் பறந்துபோகிறது என்று பார்த்தவர்தானே நீங்கள்? அங்கேயாவது கீழே திருப்பதியில் நேரில் போய் வாங்கும் இலவச தரிசன டோக்கன் என்று ஒன்று இருக்கிறது. ஃபோன் இல்லாத கிழவிக்கும் ஒரு வழி உண்டு. கப்பல்காரர்கள் அந்த வழியை அடைத்துவிட்டார்கள். நாளை ஆஸ்பத்திரி டோக்கனும் இதே லட்சணத்துக்கு வந்தால் என்ன செய்வீர்கள்?

"பிள்ளைகளிடம் சொன்னால் செய்து தருவார்கள் சார்" என்பார் இன்னொருவர். செய்தாளே தம்பி, நாற்பது நிமிடம். பிள்ளை இல்லாதவர் என்ன செய்வார்? பிள்ளை இருந்தும் பேசாதவர்? காசு கொடுத்து வாங்கிய ஒன்றை அனுபவிக்க, இரவு 11 மணிக்கு விழித்திருக்கும் மென்பொருள் படித்த மகள் ஒருத்தி வேண்டும் என்றால், அதைக் கட்டண விவரத்திலேயே அச்சடித்துவிடட்டும்.

"முதலில் வருபவருக்கு முதலில் என்பது எல்லோருக்கும் பொதுவான விதிதானே?" இதுதான் கொஞ்சம் கெட்டிக்காரத்தனமான கேள்வி. வகுப்பில் நான் சொல்வது உண்டு, ஓட்டப் பந்தயத்தில் கோடு எல்லோருக்கும் ஒன்றுதான், ஆனால் ஒருவன் காலில் கல்லைக் கட்டிவிட்டு விசில் ஊதினால் அது பந்தயம் இல்லை என்று. அந்தக் கட்டாயக் கட்டம்தான் அந்தக் கல். முன்பு இந்த வேலையைக் கவுன்டரில் சம்பளம் வாங்கும் ஒருவர் செய்தார். பெயர் பொருந்தவில்லையா, பாஸ்போர்ட்டைத் திருப்பிப் பார்த்தார், பேனாவால் திருத்தினார், முடிந்தது. இப்போது பாஸ்போர்ட் எழுதுவது, படம் எடுப்பது, கார்டு எண் கொடுப்பது, பெட்டியில் ஒட்டும் சீட்டை வீட்டில் அச்சடிப்பது வரை பயணிதான் செய்கிறார், சம்பளம் இல்லாமல். அந்த இலவச வேலையை வேகமாகச் செய்தவருக்கு 11 மணி பரிசு, மெதுவாகச் செய்தவருக்கு வெயில்.

நம்ம ரயில்வேயை நாம் திட்டாத திட்டு இல்லை. 2020 மார்ச்சில் மூத்த குடிமக்கள் சலுகையை நிறுத்தியதை நானே எத்தனை பதிவில் திட்டியிருக்கிறேன்! ஆனால் அந்த ரயில்வேயில் ஒரு விதி இருக்கிறது. மூத்த குடிமக்களுக்கும் 45 வயது கடந்த பெண்களுக்கும், அவர்கள் கேட்காவிட்டாலும், காலி இருந்தால் கீழ் பெர்த்தைக் கம்ப்யூட்டரே ஒதுக்கிவிடும். அதற்கென்று ஸ்லீப்பர் பெட்டி ஒன்றுக்கு ஆறேழு கீழ் பெர்த் தனியாகவும் வைத்திருக்கிறார்கள். வயது பாஸ்போர்ட்டில் இருக்கிறது, சக்கர நாற்காலி வேண்டுமா என்ற கேள்வியும் கப்பல் படிவத்தில் இருக்கிறது. இத்தனை விவரத்தையும் வாங்கி வைத்துக்கொண்டு, நேரம் ஒதுக்கும்போது மட்டும் அதைப் பார்க்கமாட்டேன் என்கிறார்கள்.

இதில் சாப்பாட்டையும் வெயிலையும் தாண்டிய ஒன்றும் இருக்கிறது. 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியக் கரையில் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்று சிவிட்டவெக்கியா துறைமுகத்தில் ஏறிய ஏறக்குறைய 700 பயணிகளுக்கு ஆபத்துக்காலப் பயிற்சி அதுவரை நடக்கவே இல்லை. 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பது அப்போதைய விதி. அதன் பிறகுதான், கப்பல் கிளம்புவதற்கு முன்போ கிளம்பிய உடனேயோ பயிற்சியை முடிக்க வேண்டும் என்று சர்வதேச விதியைத் திருத்தி 2015 ஜனவரி 1 முதல் கொண்டுவந்தார்கள். இப்போது பல கப்பல்களில் அந்தப் பயிற்சியும் ஃபோனில் ஒரு வீடியோ, பிறகு நமக்கான கூடும் இடத்துக்கு நடந்துபோய் அட்டையைக் காட்டுவது. 11:30க்கு ஏறிய என் மாப்பிள்ளை அதை நிதானமாகச் செய்து முடித்திருந்தார். 3 மணிக்கு வாசலுக்குள் விடப்பட்ட என் துணைவியார், கப்பல் கிளம்புவதற்குள் மூன்று மாடி ஏறி இறங்கி அந்த இடத்தைத் தேட வேண்டியிருந்தது. லிஃப்டில் கூட்டம். வயதானவர்களையும் நடக்க முடியாதவர்களையும் கடைசியாக ஏற்றும் ஒரு முறை, படகு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள மிகக் குறைந்த நேரத்தை அவர்களுக்கே கொடுக்கிறது.

என்னதான் செய்யச் சொல்கிறாய் என்றால், கணக்கு ரொம்பச் சின்னது. ஐயாயிரம் பேர், 11 மணி முதல் 3 மணி வரை அரை மணிக்கு ஒன்றாக எட்டுப் பிரிவு, பிரிவுக்கு 625 பேர். முதல் இரண்டு பிரிவை, அதாவது 1,250 இடத்தை, எழுபது வயது கடந்தவர்கள், சக்கர நாற்காலி கேட்டவர்கள், மருந்துக் கட்டாயம் உள்ளவர்கள், கைக்குழந்தைக்காரர்கள் ஆகியோருக்கும் அவர்களோடு வரும் குடும்பத்துக்கும் வையுங்கள். மிச்சத்துக்குக் குலுக்கல். செக்-இன்னைப் பயணத்துக்குப் பத்து நாள் முன்பு வரை எப்போது முடித்தாலும் எல்லோருக்கும் சமவாய்ப்பு. நள்ளிரவில் யாரும் விழித்திருக்க வேண்டாம். ஒரே பதிவில் வரும் குடும்பம் இரண்டு அறையில் இருந்தாலும் ஒரே நேரம். கிடைத்த நேரம் பிடிக்காதவர்கள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளட்டும்.

இதை ஒரு பக்கக் கடிதமாக அந்தக் கம்பெனிக்கு ஆங்கிலத்தில் எழுதிப் போட்டேன். "உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்" என்று பதில் வந்தது, கூடவே பயணம் எப்படி இருந்தது என்று மதிப்பெண் போடச் சொல்லி ஒரு லிங்க். அதைத் திறந்தால் குடும்பப் பெயர் கேட்கிறது.

இனி இதைப் படிக்கும் என் மாணவர்களுக்கு, குறிப்பாக ஓ.எம்.ஆரிலும் பெங்களூரிலும் உட்கார்ந்து உலகத்துக்கெல்லாம் இந்த மாதிரிப் படிவங்கள் செய்துகொண்டிருப்பவர்களுக்கு ஒன்று. உங்களில் எத்தனை பேருடைய அம்மாவின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி என்று எனக்குத் தெரியும், பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் அந்தப் பெயர்களை எழுதியவனே நான்தான். அடுத்த முறை அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் போடச் சொல்லி யாராவது கேட்டால், போடாதீர்கள். போட்டே ஆக வேண்டும் என்றால், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் உள்ளவர்கள் எப்படி நிரப்ப வேண்டும் என்று கீழே ஒரு வரி எழுதுங்கள். யாராவது செய்திருந்தால் கமென்ட்டில் சொல்லுங்கள், அம்மாவிடமும் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.