சேலத்தில் ஒரு சேர்மன் இருந்தார்

போன பௌர்ணமிக்கு மறுநாள் அடி அண்ணாமலையில் நண்பரோடு நின்றிருந்தேன். கிரிவலப் பாதை ஓரமெல்லாம் அன்னதானத் தட்டுகள், பிளாஸ்டிக் டம்ளர்கள். "கலெக்டர்கிட்ட மனு குடுக்கணும்ங்க" என்றார் நண்பர். எனக்கும் அதுதான் தோன்றியது. நாங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த உள்ளூர் ஆள் ஒருவர் இருக்கிறார் என்பது இரண்டு பேருக்கும் உறைக்கவே இல்லை.

ராஜாஜி என்றதும் நமக்கு 1937-இன் இந்தி, 1953-இன் குலக்கல்வி, கவர்னர் ஜெனரல் பதவி. குலக்கல்வித் திட்டத்துக்கு நான் எந்தச் சமாதானமும் சொல்லப் போவதில்லை. ஆனால் 1917 முதல் 1919 வரை அவர் சேலம் நகராட்சித் தலைவர். அவரைத் திட்டுகிறவரும் சரி, தூக்கிப் பிடிக்கிறவரும் சரி, அந்தப் பக்கத்தைப் புரட்டாமலே தாண்டிப் போகிறார்கள். ஏன்? சேர்மன் வேலை நமக்குச் சில்லறை வேலை. சாக்கடை, குழாய், தெருவிளக்கு.

அவர் லண்டன் போய் பாரிஸ்டர் ஆனவரில்லை. சென்னையில் சட்டம் படித்து, விக்டோரியா ராணி உயிரோடிருந்த 1900-இல் சேலத்தில் தொழிலை ஆரம்பித்த வக்கீல். நல்ல வருமானம். 1911-இல் நகராட்சி உறுப்பினர், ஆறு வருஷம் கழித்துத் தலைவர். சேலம் நகராட்சிக்குள் முதல் தலித் உறுப்பினர் வர அவர்தான் காரணமாக இருந்தார். அந்தக் காலத்து அக்ரஹாரத்தில் அதற்கு என்ன பேச்சு வாங்கியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். தலைவராக இருக்கும்போதே 1918-இல் வரதராஜுலு நாயுடுவின் ராஜதுரோக வழக்கில் வாதாடினார். அதற்குச் சற்று முன், 1916-இல், அறிவியல் சொற்களைத் தமிழாக்க சேலத்திலேயே ஒரு சங்கம் ஆரம்பித்திருந்தார். (கோடு எழுதிப் பிழைக்கும் எனக்கு இது கொஞ்சம் கூடுதலாகவே பிடித்த விஷயம்.) அதே காலத்தில் ஈரோட்டுச் சேர்மன் நாற்காலியில் யார்? பெரியார்! இரண்டு பேரும் நண்பர்கள் வேறு.

பம்பாயில் பிரோஸ்ஷா மேத்தா 1868-இலேயே பாரிஸ்டர் ஆனவர். 1872 நகராட்சிச் சட்டத்தில் அவர் கை உண்டு. மாநகராட்சிக்கே தலைமை ஏற்றார். அவர் சிலை இன்றும் மாநகராட்சிக் கட்டடத்துக்கு முன்னால் நிற்கிறது. நம் பக்கம் சேர்மன் ராஜாஜியை யாருக்குத் தெரியும்?

"அப்போ வரி கட்டினவனுக்குத்தானே ஓட்டு, அது மேட்டுக்குடி மன்றம்" என்பீர்கள். வாஸ்தவம். ஆனால் எல்லாருக்கும் ஓட்டு வந்த பிறகு நாம் என்ன செய்தோம்? 2016-இல் நடந்திருக்க வேண்டிய நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. இடைப்பட்ட வருஷங்களில் கவுன்சிலரே இல்லாமல் ஊர்கள் கிடந்தன, யாரும் பெரிதாகக் கத்தவில்லை. 2024-இல் திருவண்ணாமலை மாநகராட்சி ஆனதற்குப் பட்டாசு வெடித்தோம். மாநகராட்சி என்றால் மேயருக்கு அங்கியும் சங்கிலியும் கிடைக்கும். நிர்வாகம் அரசு அனுப்பும் ஆணையர் கையில் இருக்கும். 74-ஆவது திருத்தம் 18 பொறுப்புகளைப் பட்டியல் போட்டுவிட்டு, கொடுப்பதா வேண்டாமா என்பதை மாநிலத்திடமே விட்டுவிட்டது. டெல்லியிடம் மாநில உரிமை கேட்கும் நம் கட்சிகள், கோட்டையிலிருந்து ஊருக்கு உரிமை தரும்போது மட்டும் கையை மடக்கிக்கொள்கின்றன. இரண்டு கழகமும்தான்.

அதிகாரம் இல்லை, அதனால் படித்தவன் போவதில்லை. படித்தவன் போகாததால் அதிகாரம் கேட்க ஆளில்லை. இதையெல்லாம் டீக்கடையில் ஆவேசமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைக்காரர் டம்ளரைக் கழுவிக்கொண்டே, "அப்போ நீங்களே நில்லுங்களேன் சார்" என்றார்.

அன்றைக்கு ராத்திரி பெங்களூர் பஸ் பத்தரைக்கு.