வீட்டிலேயே பிரிக்கப்பட வேண்டிய குப்பை

அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் மேய்ந்து மடிந்த யானைகள் பற்றிய செய்தி 2022 ஆம் ஆண்டு ஜனவரியில் உலகப் பத்திரிகைகளில் இடம்பெற்றது. அதற்கு முந்திய எட்டு ஆண்டுகளில் சுமார் 20 யானைகள் அங்கு இறந்திருந்தன. அவற்றின் வயிற்றில் பொலித்தீனும் உணவு பொதிசெய்யப்பட்ட உறைகளும் நிறைந்திருந்தனவே அன்றி, யானைகள் வழமையாக உண்டு செரிக்கும் எதனையும் காணமுடியவில்லை என்று உடல்களைப் பரிசோதித்த மிருக வைத்தியர் தெரிவித்திருந்தார்.

யானை பொலித்தீனைத் தேடி வருவதில்லை. பொலித்தீனுக்குள் இருக்கும் சோற்றையும் கறியையும் பழத்தோலையும் தேடியே வருகின்றது. மீந்த உணவை ஷொப்பிங் பையில் இட்டு முடிச்சுப் போட்டு வாசலில் வைப்பது நம்மில் எத்தனை பேருக்கு அன்றாடப் பழக்கமாகிவிட்டது! அந்த முடிச்சை அவிழ்ப்பதற்கு யானையிடம் கையில்லை. ஆகவே பையோடு விழுங்குகின்றது. இதனை வனவிலங்கு அதிகாரிகளின் பிரச்சினையாக மட்டும் கொள்வதற்கில்லை. அந்த மேட்டுக்குச் சென்ற கழிவு கரையோர ஊர்களின் அடுக்களைகளில் இருந்து சென்றதாகும்.

நமது நாட்டில் நாளாந்தம் சேரும் திண்மக் கழிவு சுமார் 7,000 தொன் என மதிப்பிடப்படுகின்றது. இதில் அரைப்பங்கிற்கு மேற்பட்டது உக்கக்கூடிய கழிவாகும். மரக்கறித் துண்டுகள், மீன் செதில், தேங்காய்ப்பூச் சக்கை, மீந்த சோறு, முற்றத்துச் சருகு என்பனவே அதன் பெரும்பகுதி. இவை தனியே இருந்தால் பசளை. பொலித்தீன், போத்தல், பற்றரி, குழந்தைகளின் அணையாடை என்பவற்றுடன் கலந்துவிட்டால் எதற்கும் உதவாத நாற்றம். அக்கலவையைப் பசளையாக்கினால் கண்ணாடித் துகள்கள் வயலுக்குப் போகும். எரித்து மின்சாரம் எடுக்க முற்பட்டால் ஈரம் வெப்பத்தை உறிஞ்சிவிடும். கெரவலப்பிட்டியவில் 2021 இல் 10 மெகாவாற் மின்நிலையம் ஒன்று இயங்கத் தொடங்கியதைச் சுட்டிக்காட்டி, இனிக் குப்பை ஒரு செல்வம் என்று மகிழ்ந்தோர் உளர். உலர்ந்த கழிவு கிடைக்கும் அளவிற்கே அம்மகிழ்ச்சி நியாயமானது.

குப்பையைப் பிரிக்காது விட்டால் அதனை வேறெங்கோ கொண்டுசென்று கொட்டுவதைத் தவிர வழியில்லை. அந்த 'வேறெங்கோ' என்பது எப்போதும் வறியவர்களின் குடியிருப்பாகவே இருந்து வந்துள்ளது என்பதை நாம் மறந்துவிட முடியாது. கொழும்பின் கழிவைச் சுமந்த மீதொட்டமுல்ல மேடு 2017 ஏப்ரல் 14 ஆம் திகதி, புத்தாண்டுத் தினத்தன்று சரிந்து 32 உயிர்களைக் காவுகொண்டது. அம்மக்கள் அதற்கு முன்னர் பல வருடங்களாக வீதியில் இறங்கி எதிர்ப்புத் தெரிவித்தவர்கள். அனர்த்தத்தின் பின்னர் கண்டுபிடிக்கப்பட்ட தீர்வு யாது? தலைநகரின் குப்பையைச் சுமார் 170 கிலோமீற்றர் தொலைவிலுள்ள புத்தளம், அருவக்காட்டுக்கு அனுப்புவது! நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் சாம்பலையும் சீமெந்துத் தொழிற்சாலையின் தூசியையும் ஏற்கெனவே சகித்துக்கொண்டிருந்த மாவட்டம் அது. 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெருந்தொகையினரை ஏற்றுக்கொண்ட மாவட்டமும் அதுவே. 2018, 2019 ஆம் ஆண்டுகளில் அம்மக்கள் நடத்திய போராட்டங்களைத் தலைநகரவாசிகள் ஒரு பிரதேசத்தின் முணுமுணுப்பாகவே பார்த்தனர்.

வடக்கிலும் நிலைமை வேறல்ல. யாழ்ப்பாண நகரின் கழிவு கல்லுண்டாய் வெளியில் கொட்டப்படுவதும், அங்கு தீ மூள்வதும், புகை சூழ்ந்த குடியிருப்பாளர் முறையிடுவதும் திரும்பத் திரும்ப வரும் செய்திகளாகும். சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளூடாக நீர் விரைந்து இறங்கும் குடாநாட்டில், குப்பையிலிருந்து கசியும் சாறு எங்கு சென்று சேரும் என்பதைக் கிணற்றை நம்பி வாழும் மக்களுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

சட்டத்திற்கு இங்கு பஞ்சமில்லை. 20 மைக்ரோனுக்குக் குறைந்த பொலித்தீன் 2007 இல் தடைசெய்யப்பட்டது. 2017 செப்டெம்பரில் லஞ்ச் சீட், ரிஜிபோம் பெட்டிகளுக்குத் தடை வந்தது. 2021 இல் சிறு சஷே பக்கற்றுகளும், 2023 ஒக்டோபரில் உறிஞ்சுகுழல், பிளாஸ்டிக் கரண்டி, தட்டு போன்றவையும் அப்பட்டியலில் சேர்ந்தன. வெளியிடப்பட்ட வர்த்தமானிகளை அடுக்கினால் அதுவே ஒரு குப்பை மேடாகிவிடும் போலுள்ளது. பகலுணவுப் பொதி இன்றும் எதனால் சுற்றப்படுகின்றது என்பதை வாசகர்கள் அறிவர்.

2016 நவம்பர் முதல் தரம்பிரிக்கப்பட்ட குப்பையை மட்டுமே உள்ளூராட்சி மன்றங்கள் பொறுப்பேற்க வேண்டும் என அறிவிக்கப்பட்டது. மக்களில் ஒரு பகுதியினர் அதற்கு இணங்கினர் என்பதே உண்மை. ஆனால் வீட்டில் இரண்டு பைகளில் பிரித்து வைத்ததை, வரும் உழவு இயந்திரம் ஒரே பெட்டியில் கொட்டிச் செல்வதை ஒரு குடும்பத் தலைவி இரண்டு முறை கண்ணால் கண்டால், மூன்றாம் முறை அவர் பிரிக்கமாட்டார். அவரைக் குறைகூற நாம் தயாரில்லை. பிரதேச சபைகள் சட்டமும் நகர சபைகள், மாநகர சபைகள் கட்டளைச் சட்டங்களும் சேகரிக்கப்பட்ட கழிவைச் சபையின் சொத்தென்றே கூறுகின்றன. சொத்தைப் பேணும் விதம் இதுதானா என்பதே நமது கேள்வி. உக்கும் குப்பைக்கு வாரத்தில் இரு நாட்கள், உக்காத குப்பைக்கு வேறொரு நாள் என்று நிரந்தர அட்டவணை வகுத்து, அன்றன்று அதனை மட்டுமே ஏற்றுவதற்குப் புதிய வாகனமோ வெளிநாட்டு நிதியோ அவசியமில்லை.

இனி, வீட்டின் பங்கு. குப்பைக் கிடங்கு இல்லாத வளவு ஒரு காலத்தில் நமது ஊர்களில் இருந்ததில்லை. யாழ்ப்பாணத்து விவசாயி குழை தாழ்த்தியும் எருப் போட்டும் தோட்டம் செய்தவர். இன்றோ கல்முனை, சாய்ந்தமருது, காத்தான்குடி போன்ற நெருக்கமான ஊர்களில் வீட்டுச் சுவருக்கும் மதிலுக்கும் இடையில் ஒருவர் நடக்க மட்டுமே இடமுண்டு. அங்கு குழி வெட்டச் சொல்வது அறிவீனம். நிலத்தடி நீர் சில அடிகளிலேயே தென்படும் மணற்பாங்கான கரையோரத்தில், கிணற்றுக்கு அருகே குழி வெட்டுவது ஆபத்துமாகும்.

அத்தகைய இடங்களுக்கு நிலத்தின் மேல் வைக்கப்படும் கொம்போஸ்ட் பீப்பாவே பொருத்தமானது. பக்கங்களில் காற்றுத் துளைகளும் அடியில் பசளையை வெளியே எடுக்க ஒரு கதவும் இருந்தாற் போதும். நாற்றமடிக்கின்றது, புழு வைக்கின்றது என்று பலர் ஓரிரு வாரங்களில் அதனைக் கைவிட்டு விடுகின்றனர். பெரும்பாலும் அதற்குக் காரணம் ஈரமான கழிவை மட்டுமே தொடர்ந்து கொட்டுவதாகும். ஒரு பங்கு சமையற் கழிவுக்கு இரண்டு பங்கு சருகோ தும்புத் தூளோ மரத்தூளோ இட்டு, மேலே ஒரு பிடி மண் தூவி, வாரம் ஒருமுறை கிளறிவிட்டால் நாற்றம் எழாது. கையில் எடுத்துப் பிழிந்தால் ஓரிரு துளி நீர் கசியும் ஈரமே அளவானது. மீன் குடலையும் இறைச்சி எச்சத்தையும் இதற்குள் இடலாகாது. சுமார் மூன்று மாதங்களில் கரிய, மண்வாசனை வீசும் பசளை கிடைக்கும். 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே இரவில் தடைசெய்யப்பட்ட வேளையில் நல்ல சேதனப் பசளைக்கு நாடு அலைந்ததை விவசாயிகள் மறந்திருக்கமாட்டார்கள். அந்தத் தடை தவறானது என்பது வேறு விடயம்.

பொலித்தீனை முற்றத்தில் கொளுத்துவோருக்கும் ஒரு வார்த்தை. அதனால் குப்பை மறைவதில்லை; டயொக்சின் போன்ற நச்சாக மாறி அடுத்த வீட்டுக் குழந்தையின் நுரையீரலுக்குச் செல்கின்றது. ஒதுக்குப்புறத்தில் வீசப்படும் யோகட் கோப்பையும் சிரட்டையும் மழைநீர் தேங்கி நுளம்பு வளர்க்கின்றன. ஒரு இலட்சத்து 86 ஆயிரம் பேருக்கு மேல் டெங்கு நோயாளராக இனங்காணப்பட்ட 2017 ஆம் ஆண்டை இவ்விடத்தில் நினைவூட்டுகின்றோம்.

கோயில் அன்னதானம், திருமண விருந்து, இப்தார், நோன்புக் கஞ்சி விநியோகம் என்பவற்றில் ஒரே நாளில் சேரும் கழிவு சில வீதிகளின் ஒரு வாரக் கழிவுக்குச் சமமாகும். வாழையிலையில் பரிமாறிய சமூகம் பிளாஸ்டிக் தாளை வாழையிலை போல் பச்சை நிறத்தில் வெட்டி விரிப்பது ஒரு வேடிக்கை. ஹஜ்ஜுப் பெருநாட் காலத்தில் குர்பான் எச்சங்களை உடனுக்குடன் அகற்றிப் புதைக்கும் ஒழுங்கைப் பள்ளிவாசல் நிர்வாகங்களும் சபைகளும் முற்கூட்டியே செய்துகொள்ளும் இடங்களில் முறைப்பாடுகள் குறைவு. அதே ஒழுங்கு ஏனைய மாதங்களுக்கும் சாத்தியமே. ஆலய பரிபாலன சபைகளும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் தமது வளாகத்திலேயே உக்கும் கழிவுக்குப் பீப்பாக்களை வைத்து, உலர்ந்த கடதாசி, போத்தல், டின் என்பவற்றைப் பழைய சாமான் வியாபாரிகளுக்கு விற்குமாயின், அதனைப் பார்க்கும் வீடுகளும் பின்பற்றும்.

நீண்ட இடைவெளிக்குப் பின்னர் 2025 மே 6 ஆம் திகதி தேர்தல் நடைபெற்று, பெரும்பாலான உள்ளூராட்சி மன்றங்களுக்கு மக்கள் பிரதிநிதிகள் தெரிவாகியுள்ளனர். வீதி விளக்கும் வடிகானும் பற்றி அவர்களிடம் முறையிடும் வாக்காளர்கள், சபையின் வரவு செலவுத் திட்டம் சமர்ப்பிக்கப்படும் போது இரண்டு விடயங்களைக் கேட்க வேண்டும். வீடுகளுக்குச் சலுகை விலையில் பீப்பா வழங்க எவ்வளவு ஒதுக்கப்பட்டுள்ளது? பிரித்து வைத்த குப்பையைக் கலக்காது ஏற்றும் அட்டவணை எந்தத் திகதியிலிருந்து நடைமுறைக்கு வரும்?