சுற்றுலாத் தொழிலும் பெண்கள் உத்தியோகமும்

பெண்கள் வெளியில் சென்று உத்தியோகம் பார்க்கலாமா, கூடாதா என்கின்ற பேச்சு நம் நாட்டில் ஒருவாறு ஓய்ந்துவிட்டதாகப் பலர் எண்ணிக்கொண்டிருக்கின்றார்கள். உபாத்தியாயினி வேலைக்கும், நர்சு வேலைக்கும், குமாஸ்தா வேலைக்கும் பெண்ணை அனுப்ப இப்போது அநேகம் பெற்றோர்கள் தயங்குவதில்லை என்பது வாஸ்தவமே. ஆனால் அதே பெண், "ஹோட்டலில் வேலை கிடைத்திருக்கின்றது, போகட்டுமா?" என்று கேட்டால் வீட்டிலுள்ளவர்களின் முகம் மாறிவிடுகின்றது. விடுதி வேலை, ஆகாய விமானத்தில் வேலை, ஊர் சுற்றிக் காட்டும் வழிகாட்டி வேலை, பிரயாணிகளுக்குக் கார் ஓட்டும் வேலை என்றால் "மானம் போய்விடும்" என்கின்றார்கள். யாருடைய மானம், அது எப்படிப் போகும், அதைப் போக்குகின்றவன் யார் என்று மாத்திரம் ஒருவரும் கேட்பதில்லை. அதைத்தான் நாம் இன்று கேட்க விரும்புகின்றோம்.

சுற்றுலா என்பது சில்லறைத் தொழிலல்ல. ஐக்கிய நாடுகள் சபையைச் சேர்ந்த உலகச் சுற்றுலா அமைப்பு 2019-ஆம் வருஷத்தில் வெளியிட்ட கணக்கின்படி, உலகத்தில் இத்தொழிலில் வேலை செய்கின்றவர்களில் 100-க்கு 54 பேர் பெண்கள். எல்லாத் தொழில்களையும் பொதுவாகப் பார்த்தால் 100-க்கு 39 பேர்தான் பெண்கள். ஆகவே இத்தொழில் பெண்களின் கைகளால் நடக்கின்றது என்றே சொல்லலாம். ஆனால் அதே கணக்கு இன்னொரு சங்கதியையும் சொல்லுகின்றது. இத்தொழிலில் பெண்ணின் சம்பளம் ஆணின் சம்பளத்தைவிட 100-க்கு 14.7 குறைவாம். அதாவது ஆணுக்கு 100 ரூபாய் என்றால் பெண்ணுக்கு 85 ரூபாய் சொச்சம். படுக்கை விரிப்பதும், கக்கூசு கழுவுவதும், பாத்திரம் துலக்குவதும் பெண்ணுக்கு. மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து உத்தரவு போடுவது பெரும்பாலும் ஆணுக்கு என்பதுதான் இதன் அர்த்தம்.

இந்த ஏற்பாடு தற்செயலாக வந்ததல்ல. விமானப் பணிப்பெண் உத்தியோகம் எப்படிப் பிறந்தது என்பதைப் பார்த்தாலே உண்மை விளங்கும். அமெரிக்காவில் எல்லன் சர்ச் என்கின்ற அம்மையார் ஒரு நர்சு; விமானம் ஓட்டவும் கற்றவர். அவர் ஒரு விமானக் கம்பெனியிடம் சென்று தமக்கு விமானி வேலை வேண்டுமென்று கேட்டார். அதற்குக் கம்பெனி இணங்கவில்லை. விமானத்தில் ஏறப் பயப்படும் பிரயாணிகளுக்குத் தைரியம் கொடுக்க ஒரு நர்சு கூட வரலாமே என்று அவர் சொன்ன யோசனையை மாத்திரம் கம்பெனி எடுத்துக்கொண்டது. 1930 மே 15-ல் அவர் உலகத்தின் முதல் விமானப் பணிப்பெண்ணாகப் பறந்தார். அந்த வேலைக்கு வருகின்றவள் கல்யாணமாகாதவளாகவும் 25 வயதுக்கு உட்பட்டவளாகவும் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஓட்டத் தெரிந்தவளுக்குப் பணிவிடை வேலை. அதற்கும் வயது, கல்யாணம் என்று ஆயிரம் விதி!

நம் நாட்டின் யோக்கியதை என்ன? ஏர் இந்தியாவில் பணிப்பெண்ணுக்கு 35 வயதோடு உத்தியோகம் முடிந்தது. அதிகாரி மனம் வைத்தால் சில வருஷம் நீட்டிக் கொடுக்கலாம். சேர்ந்த 4 வருஷத்துக்குள் கல்யாணம் செய்துகொண்டால் வேலை போகும். முதல் கர்ப்பம் தரித்தாலும் வேலை போகும். அதே விமானத்தில் அதே தட்டைத் தூக்கும் ஆணோ 58 வயது வரை இருக்கலாம். அவன் எத்தனை பிள்ளைக்குத் தகப்பனானாலும் வேலைக்குக் குறைவில்லை. பணிப்பெண்கள் வழக்குத் தொடுத்து, 1981-ல் சுப்ரீம் கோர்ட்டு கர்ப்ப விதியை ரத்துச் செய்தது. ஆனால் 4 வருஷக் கல்யாணத் தடையைச் சரியென்று ஒப்புக்கொண்டது. விமானத்திற்குள் மேற்பார்வை பார்க்கும் உத்தியோகமோ வெகுகாலம் ஆண்களுக்கே இருந்தது. அதைப் பெண்களுக்கும் திறந்துவிட்டபோது ஆண் ஊழியர்கள் சிலர் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011-ல்தான் சுப்ரீம் கோர்ட்டு அவர்களுடைய ஆட்சேபனையைத் தள்ளியது. பெண் கூட இருந்து வேலை செய்வதில் இவர்களுக்கு ஆட்சேபனையில்லை. மேலே இருந்து உத்தரவிடுவதில்தான் ஆட்சேபனை.

நிற்க. மானத்தின் பேரால் சட்டமே பூட்டுப் போட்ட கதை ஒன்று உண்டு. 1914-ஆம் வருஷத்துப் பஞ்சாப் கலால் சட்டம் டில்லியிலும் அமுலில் இருந்தது. அதன் 30-ஆவது பிரிவு, பொதுஜனங்கள் மது அருந்தும் இடத்தில் 25 வயதுக்குட்பட்ட ஆணையும், எந்தப் பெண்ணையும் வேலைக்கு வைக்கக்கூடாது என்றது. வாசகர்கள் இதை நன்றாய்க் கவனிக்க வேண்டும். ஆணுக்கு 25 வயது வந்தால் புத்தி வந்துவிடும். பெண்ணுக்கோ 60 வயதானாலும் வராது என்பதுதானே இந்தச் சட்டத்தின் தத்துவம்? ஹோட்டல் நிர்வாகப் படிப்புப் படித்துப் பட்டம் பெற்ற பெண்ணும் பெரிய ஹோட்டல்களில் அந்தப் பகுதிக்குள் வேலைக்கு நுழைய முடியவில்லை. ஹோட்டல்காரர்கள் சங்கம் வழக்குத் தொடுத்தது. டில்லி ஹைக்கோர்ட்டு அந்தப் பிரிவு செல்லாது என்றது. சர்க்கார் அதை ஏற்றுக்கொண்டும், டில்லிவாசிகள் சிலர் விடாமல் அப்பீல் செய்தார்கள். 2007 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டும் அப்பிரிவு செல்லாதென்றே தீர்ப்பளித்தது. பெண்ணுக்கு ஆபத்து வருமென்றால் ஆபத்தை நீக்கச் சர்க்கார் வழி செய்யவேண்டுமே தவிர, பெண்ணை வேலையிலிருந்து நீக்கக்கூடாது என்பதுதான் அத்தீர்ப்பின் சாரம்.

"அப்படியானால் பெண்கள் கள், சாராயம் ஊற்றிக் கொடுக்கவேண்டும் என்கின்றீர்களா?" என்று சில யோக்கியர்கள் கேட்கலாம். குடி கெடுதல் என்றால், ஊற்றுகின்றவன் ஆணானாலும் கெடுதல்தான். குடியை ஒழிக்க வேண்டுமானால் நேராக ஒழிக்கட்டும். குடியை வைத்துக்கொண்டு, வரியையும் வாங்கிக்கொண்டு, பெண்ணின் உத்தியோகத்தை மாத்திரம் ஒழிப்பது எந்த ஒழுக்கம் என்பதுதான் நமது கேள்வி. குடித்தவன் கையை நீட்டுவான் என்றால் அந்தக் கைக்கு விலங்கு போடாமல், பெண்ணின் காலுக்கு விலங்கு போடுவது எந்த நியாயம்? திருடன் இருக்கின்றான் என்பதற்காகக் கடைக்காரனைச் சிறையில் வைப்பவர் உண்டா?

இதற்கு வேறு வழி உண்டென்று நேபாளத்தில் காட்டியிருக்கின்றார்கள். பொக்ரா என்னும் ஊரில் விடுதி நடத்தி வந்த சேத்திரி குடும்பத்துச் சகோதரிகள் மூவர், மலையேற வரும் பெண் பிரயாணிகள் தங்களுடன் வந்த ஆண் வழிகாட்டிகள் தகாத முறையில் நடந்துகொண்டதாகச் சொல்லி வருந்துவதைக் கேட்டார்கள். "பெண்கள் மலைக்கு வரக்கூடாது" என்று அவர்கள் உபதேசம் செய்யவில்லை. 1994-ல் பெண்களே வழிகாட்டும் கம்பெனி ஒன்றை ஆரம்பித்தார்கள். 1999-ல் கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு ஸ்தாபனமும் ஏற்படுத்தினார்கள். சுமை தூக்குவதும் மலையேறுவதும் ஆண்களுக்கே உரியவை என்று சொல்லிவந்த நாட்டில், பெண்கள் மூட்டையைச் சுமந்து, வழியைக் காட்டி, கூலியைத் தங்கள் கையிலேயே வாங்குகின்றார்கள். இமயமலை இடிந்து விழவில்லை; எவருடைய மானமும் பறந்து போய்விடவில்லை.

நம் தமிழ்நாட்டுக்கு இது புதுச் செய்தியல்ல. 1929-ல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மகாநாடு, பெண்களுக்குச் சொத்துரிமையும் எந்தத் தொழிலையும் செய்யும் உரிமையும் ஆணுக்குச் சமமாக வேண்டுமென்று தீர்மானித்தது. அந்தத் தீர்மானத்தைப் பாராட்டிப் பேசுகின்றவர்களிலும், சொந்த மகள் என்று வரும்போது பின்வாங்குகின்றவர்கள் இருக்கின்றார்கள். அவர்களுக்குச் சொல்லுகின்றோம்: பெண் சம்பாதிக்கும் பணம் சிறிதானாலும், அது அவள் கையில் இருக்கும்வரை அவள் ஒருவன் அடிக்கும் அடியைப் பொறுத்துக்கொண்டு கிடக்க வேண்டியதில்லை. சோற்றுக்காகச் சகித்திருப்பதைக் கற்பு என்று நீங்கள் பேர் வைத்திருந்தால், அந்தக் கற்பு போவது நல்லதே.

ஹோட்டல் முதலாளிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். விருந்தாளியைத் தெய்வம் என்று கொண்டாடுகின்றீர்கள், சரி. அந்தத் தெய்வம் பணிப்பெண்ணிடம் வாலாட்டினால் அதை வெளியே தள்ளத் தயாராயிருக்கின்றீர்களா? 10 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களில் பெண்களின் புகாரை விசாரிக்கக் கமிட்டி இருக்கவேண்டுமென்று 2013-ஆம் வருஷத்துச் சட்டம் சொல்லுகின்றது. அந்தக் கமிட்டி சுவரில் ஒட்டிய காகிதமாக மாத்திரம் இருந்தால் பயனில்லை. இரவு வேலை முடிந்து போகும் பெண்ணை வீடு சேர்ப்பது உங்கள் பொறுப்பு. சமவேலைக்குச் சமசம்பளமும், மேல் உத்தியோகத்தில் பங்கும் நீங்கள் போடும் பிச்சையல்ல. அவள் பாடுபட்டதற்குச் சேரவேண்டிய பாக்கி.

கடைசியாக, வீட்டிலுள்ள ஆண்களுக்கு. நாள் முழுதும் பிறர் அறையைப் பெருக்கிவிட்டு வரும் பெண், வந்த உடனே உங்கள் அறையையும் பெருக்கி, அடுப்பையும் மூட்டவேண்டும் என்றால், அவளுக்குக் கிடைத்தது விடுதலையல்ல, இரண்டாவது எஜமானன்தான். ஹோட்டலில் சம்பளத்துக்கு ஆண் சமைக்கின்றான், பரிமாறுகின்றான், எச்சில் இலையும் எடுக்கின்றான். அங்கே போகாத ஆண்மை வீட்டில் சமைத்தால் மாத்திரம் போய்விடுமா? பெண் வெளியில் செல்ல வேண்டுமானால் ஆண் அடுப்பங்கரைக்குள் வந்தாக வேண்டும். இதற்கு முதலாளியையோ, சர்க்காரையோ, கோர்ட்டையோ எதிர்பார்க்க வேண்டியதில்லை. இன்று மாலையே ஆரம்பிக்கலாம் என்பது நமது அபிப்பிராயம்.