பெயர் ஓர் ஊரில், பிழைப்பு வேறூரில்

2024 மக்களவைத் தேர்தலில் தருமபுரியில் 81 சதவீதம் பேர் வாக்களித்தனர்; மத்திய சென்னை 54 சதவீதத்தைத் தாண்டவில்லை. உடனே பழி இளைஞர்கள் தலையில் விழுந்தது. அந்தச் சதவீதத்தில் வயதுக் கணக்கே கிடையாது என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை.

அலட்சியம் இல்லாமல் இல்லை. ‘யார் வந்தால் என்ன’ என்ற பேச்சு கல்லூரி வாசல்களில் தாராளமாகக் கேட்கிறது. ஆனால் விடுதியிலும் வாடகை அறையிலும் இருப்பவரின் பெயர் சொந்த ஊர் வாக்காளர் பட்டியலில் கிடக்கிறது. வாக்களிக்க ஒரு விடுப்பு, இரண்டு பேருந்துப் பயணம் வேண்டும். தங்கியிருக்கும் ஊருக்கே படிவம் 8 மூலம் பெயரை மாற்றிக்கொள்ளலாம். 18 வயது நிறைந்தவர் சேர ஆண்டுக்கு நான்கு தகுதி நாள்கள் உள்ளன. எத்தனை மாணவர்களுக்கு இது தெரியும்?

வாக்களிக்கும் வயது 18 ஆனது 1989-இல். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகாவது, தேர்தல் நெருங்கும்போது மட்டும் கோலப்போட்டியும் உறுதிமொழியும் நடத்துவதை விட்டு, கல்லூரிச் சேர்க்கை நாளிலேயே ஒரு மேசை போட்டு பெயர் சேர்க்கும், மாற்றும் படிவங்களைத் தேர்தல் ஆணையம் வாங்கட்டும்.