லாரி டிரைவரின் சுதந்திரம்

நாமக்கல், சங்ககிரி பக்கத்தில் லாரித் தொழிலுக்கு வருகிறவர் முதலில் கிளீனர், பிறகு டிரைவர், கடன் கிடைத்தால் சொந்த லாரி. மும்பைக்குச் சரக்கு கொண்டுவரும் நம் ஊர் டிரைவர்களில் இப்படி உயர்ந்தவர்கள் உண்டு. மேலதிகாரி கிடையாது, யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை என்பது அவர்களது பெருமை. அது நியாயமான பெருமையே.

ஆனால், அந்தச் சுதந்திரம் எதுவரை?

சொந்த லாரி என்றாலும் மாதத் தவணை காத்திருக்காது. டீசல், டயர், சுங்கம், இன்சூரன்ஸ் போக மிஞ்சுவதுதான் அவருடையது. வாடகையைப் பெரும்பாலும் புக்கிங் ஆபீசில்தான் தீர்மானிக்கிறார்கள். களம்போலியில் சரக்கை இறக்கிவிட்டு, ஊர் திரும்ப லோடு கிடைக்காமல் நாள்கணக்கில் கிடந்தால் அந்த நாட்களுக்குக் கூலி இல்லை. அதை ஈடுகட்ட அவருக்குத் தெரிந்த வழி, தூக்கத்தைக் குறைப்பது.

1961-ல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி வேலை என்று வகுத்தது. அது 5 தொழிலாளர்களாவது உள்ள நிறுவனங்களுக்கு வந்த சட்டம். தன் லாரியைத் தானே ஓட்டுகிறவருக்கு மணிக்கணக்குப் பார்ப்பவர் யார்?

2017-ல் ஜி.எஸ்.டி. வந்ததும் மாநில எல்லைகளில் வரிச் சோதனைச் சாவடிகள் போயின. 2021-ல் சுங்கச் சாவடிகளில் பாஸ்டாக் கட்டாயமானது. வழியில் நிற்கும் நேரம் குறைந்தது நல்லதே. மிச்சமான நேரத்தில் ஒரு பங்காவது டிரைவரின் ஓய்வுக்கு வர வேண்டாமா? 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளில் டிரைவர் கேபினுக்குக் குளிர்சாதனம் கட்டாயம். பழைய லாரிக்காரருக்கு அதுவும் இல்லை.

லோடு ஏற்றவும் இறக்கவும் காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி வேண்டும். நெடுஞ்சாலையில் காவலுடன் லாரி நிறுத்துமிடம், குளிக்கத் தண்ணீர், கழிப்பறை, படுக்க இடம் வேண்டும். டீசல் திருட்டுக்குப் பயந்து அரைக்கண் மூடிக் கிடப்பது தூக்கமாகுமா?

மும்பைத் தமிழ்ச் சங்கங்களுக்கும் இதில் பங்குண்டு. மொழி தெரியாத இடத்தில் நோயோ விபத்தோ நேர்ந்தால், ஆஸ்பத்திரியிலும் போலீஸ் நிலையத்திலும் உடன் நின்று பேச ஓர் ஆள் இருந்தால் பெரிய உதவி.

களைத்தபோது லாரியை ஓரங்கட்டி, அச்சமின்றித் தூங்க முடிந்தவரே சுதந்திரமான டிரைவர். அந்த நிலை வர அரசும், சரக்கு அனுப்புவோரும், லாரி உரிமையாளர் சங்கங்களும் ஆவன செய்வார்களா?