அம்மா கொடுத்தது, அம்மாவின் குற்றமல்ல

சென்ற ஆண்டு படிவம் நான்கு மாணவர்களுக்கு மரபியல் பாடம் நடத்தினேன். எக்ஸ், ஒய் குரோமோசோம்களை வெண்பலகையில் வரைந்து, நிறக்குருடும் ஹீமோஃபீலியாவும் ஆண்களுக்கே ஏன் அதிகம் வருகின்றன என்று விளக்கினேன். மணி அடித்ததும் ஒரு மாணவன் மேசையருகே வந்து நின்றான். பணப்பையிலிருந்து ஓரம் நைந்த ஓர் அட்டையை எடுத்துக் காட்டினான்.

“டீச்சர், எனக்கு ஜி6பிடி இருக்கு. இதுவும் அந்த மாதிரிதானா?”

ஆமாம் என்றேன். அவன் முகம் வாடியது. “அப்படின்னா பாட்டி சொல்றது சரிதான். அம்மாவாலதான் எனக்கு வந்துச்சுன்னு ஏசுவாங்க.”

அவனுக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. பாட்டி சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியை வகுப்பில் நாங்கள் அழுத்திச் சொல்வதில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்த அட்டை. ஜி6பிடி என்பது சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி. சில மருந்துகளும் ரசாயனங்களும் நோய்த்தொற்றும் சிவப்பணுக்களைத் தாக்கும்போது இந்த நொதி அவற்றுக்கு அரணாக நிற்கிறது. அது குறைவாக உள்ளவர்கள் சாதாரண நாள்களில் நலமாகவே இருப்பார்கள். ஒவ்வாத பொருள் ஒன்று உடலில் சேர்ந்தால் சிவப்பணுக்கள் திடீரென உடையத் தொடங்கும். முகம் வெளிறும், கண் மஞ்சளாகும், சிறுநீர் தே ஓ நிறத்தில் போகும். பச்சிளங்குழந்தைக்குக் கடும் மஞ்சள்காமாலை வந்து மூளையையே பாதிக்கலாம். இதனால்தான் நம் நாட்டில் 1980களிலிருந்து பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தத்தைப் பரிசோதிக்கிறார்கள். உலகில் 40 கோடிக்கும் மேற்பட்டோருக்கு இக்குறைபாடு உண்டு. மலாய்க்காரர், சீனர், இந்தியர் என எல்லாரிடமும் இருக்கிறது.

இப்போது பாட்டியின் வழக்குக்கு வருவோம். ஜி6பிடி மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. மகனுக்குத் தந்தை தருவது ஒய். எக்ஸ் தாயிடமிருந்து மட்டுமே வரும். ஆகவே மகனுக்கு இக்குறைபாடு இருந்தால், அந்த மரபணு தாய்வழி வந்ததுதான். இதில் ஐயமில்லை.

ஆனால், தாய்க்கு இரண்டு எக்ஸ் உண்டு. ஒன்று நல்லது, மற்றொன்று மாறியது என்றால் எது கருவுக்குப் போகும் என்பதை அவர் தேர்ந்தெடுப்பதில்லை. நாணயத்தைச் சுண்டுவதைப் போலத்தான். ஒவ்வொரு மகனுக்கும் வாய்ப்பு சரிபாதி. ஒவ்வொரு பிரசவத்துக்கும் நாணயம் புதிதாகச் சுண்டப்படுகிறது. மூத்தவனுக்கு வந்துவிட்டது, இளையவன் தப்பிப்பான் என்று கணக்குப் போட முடியாது. அந்தத் தாய்க்கும் அது எங்கிருந்தோ வந்ததுதான். அவருடைய தந்தையிடமிருந்தும் வந்திருக்கலாம். குறைபாடுள்ள ஆண் தன் மகனுக்கு அதைத் தர மாட்டார். மகள்கள் அனைவருக்கும் தருவார். தாத்தாவிடமிருந்து அம்மா வழியாகப் பேரனுக்கு வந்ததை அம்மாவின் கணக்கில் மட்டும் எழுதுவது என்ன நியாயம்?

காரணம் வேறு, குற்றம் வேறு. இதை மாணவர்களுக்குப் பிரித்துக் காட்டாமல் கட்டம் போடக் கற்றுக்கொடுத்தால், வீட்டில் ஏசுவதற்கு அறிவியல் சான்று கொடுத்த கதையாகிவிடும். ஆண் குழந்தை பிறக்கவில்லை என்று மருமகளைக் குறை சொன்ன காலம் இன்னும் முழுதாகப் போகவில்லை. ஒய் தந்தையிடமிருந்துதான் வருகிறது என்பதும் இதே பாடத்தில்தான் இருக்கிறது.

மற்றொரு செய்தி பெண் பிள்ளைகளைப் பற்றியது. இது ஆம்பளைப் பிள்ளைக்கு வருவது, உனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுகிறோம். 1961இல் மேரி லயன் என்ற ஆங்கிலேய மரபியலாளர் ஒரு கருத்தை முன்வைத்தார். பெண் உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் இரண்டு எக்ஸ்களில் ஒன்று செயலற்றுப் போகிறது, எது என்பது தற்செயல் என்றார். பின்னர் வந்த ஆய்வுகள் அதை உறுதி செய்தன. ஆகவே மாறிய மரபணுவைச் சுமக்கும் பெண்ணின் சிவப்பணுக்களில் ஒரு பகுதி நொதியுடனும் மறு பகுதி நொதிக் குறைவுடனும் இருக்கும். குறைவானவை மிகுந்துவிட்டால் அவருக்கும் பாதிப்பு வரலாம். இத்தகைய பெண்களைப் பிறந்தபோது செய்யும் எளிய பரிசோதனை தவறவிடவும் கூடும். அண்ணன் தம்பிக்கு அட்டை இருந்தால் அக்காள் தங்கையும் அதை அறிந்திருக்க வேண்டும். நாளை மருத்துவரிடம் போகும்போதும், தாயாகும்போதும் அந்தத் தகவல் அவர்களுக்குத் தேவைப்படும்.

இந்த மரபணு கேடு மட்டுமே செய்ததும் இல்லை. மலேரியா மிகுந்திருந்த நாடுகளில்தான் இது பரவலாகக் காணப்படுகிறது. மலேரியாவிலிருந்து இது ஓரளவு காப்பளித்ததால்தான் தலைமுறை தலைமுறையாக நிலைத்தது என்பது அறிவியலாளர்களின் பரவலான கருத்து. வேடிக்கை என்னவென்றால், இக்குறைபாடு வெளிப்பட்டதும் மலேரியா மருந்தால்தான். அமெரிக்காவில் பிரைமாகுவின் மருந்து கொடுக்கப்பட்ட சிலருக்குச் சிவப்பணுக்கள் உடைந்தன. அதற்கு இந்த நொதிக் குறைவே காரணம் என்று 1956இல் கண்டார்கள். தோட்டங்களில் மலேரியாவுக்கு எத்தனையோ உயிர்களைக் கொடுத்த சமுதாயம் நாம். பரம்பரையில் கறை என்று பேசுமுன் இதையும் நினைத்துப் பார்க்கலாம்.

பழியை ஒதுக்கிவிட்டால் செய்ய வேண்டிய வேலை கண்ணுக்குத் தெரியும். நம் வீடுகளில் பழைய சேலையில் தொட்டில் கட்டுவது வழக்கம். அந்தச் சேலை பல காலம் அலமாரியில் அந்துருண்டையோடு கிடந்திருக்கும். பாச்சை உருண்டை என்றும் சொல்வார்கள். அதிலுள்ள நாப்தலின், குறைபாடுள்ள குழந்தைக்கு ஆபத்து. அத்தகைய வீட்டில் அந்துருண்டையே இருக்கக் கூடாது. குழந்தைக்கு மருதாணி இடுவதும் கூடாது. மருதாணியால் சிவப்பணுக்கள் உடைந்த குழந்தைகளைப் பற்றி மருத்துவ ஏடுகளில் பதிவுகள் உள்ளன. காச்சாங் பாராங் என்று விற்கும் அவரை வகை, நாட்டு மருந்து, கேட்காமல் வாங்கும் மாத்திரை ஆகியவற்றிலும் கவனம் வேண்டும். கிளினிக்கிலோ மருந்துக் கடையிலோ முதலில் அட்டையைக் காட்ட வேண்டும். அட்டை அம்மாவின் அலமாரியில் இருந்து பயனில்லை. பிள்ளை வளர்ந்ததும் அவன் கையில் கொடுத்து விளக்க வேண்டும்.

ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். நிறக்குருடும் ஹீமோஃபீலியாவும் பாடத்தில் இருக்கட்டும். அவற்றோடு ஜி6பிடியையும் சேர்த்து நடத்துவோம். நம் வகுப்பிலேயே அந்த அட்டையோடு யாராவது உட்கார்ந்திருக்கலாம். இன்னொரு சிக்கலும் உண்டு. மாணவர்கள் இதை மலாயில் படிக்கிறார்கள். ‘கென் தெராங்காய் செக்ஸ்’ என்று தேர்வில் எழுதத் தெரிந்தவனுக்கு, வீட்டில் பாட்டியிடம் தமிழில் சொல்ல வார்த்தை வருவதில்லை. தமிழ் தெரிந்த அறிவியல் ஆசிரியர்கள் ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.

அந்த மாணவனோடு மறுநாள் ஓய்வு நேரத்தில் உட்கார்ந்தேன். ஒரு தாளில் அவன் தாத்தா, பாட்டி, அம்மா, அப்பா, தங்கை எல்லாரையும் வட்டமும் சதுரமுமாக வரைந்து, ஒவ்வொன்றையும் தமிழில் எழுதினோம். ஒரு வாரம் கழித்து வந்தான். பாட்டி என்ன சொன்னார் என்று கேட்டேன்.

“ஒன்னும் சொல்லல டீச்சர். ஆனா அம்மா அந்தத் தாளை வாங்கி வச்சுக்கிட்டாங்க. தங்கச்சியைக் கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போறாங்களாம்.”